ஆறு வரி இடம்

மானியம் முடிந்து மூன்று வருடம்.
படிவம் கேட்கிறது:
"திட்டத்தின் நீடித்த பயனைச் சுருக்கமாக விவரிக்கவும்."
ஆறு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

சாவியிலிருந்து தொடங்கலாமா?
இதற்கு முன் வந்த திட்டத்தில்
பன்னிரண்டு கணினி, ஒரே சாவி,
அதுவும் கோலாலம்பூரில்.
திறந்தபோது விசைப்பலகைக்குள்
எறும்பு முட்டையிட்டிருந்தது.
ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை
யாரோ மீன் கழுவ எடுத்துப் போயிருந்தார்கள்.
அது ஒன்றுதான் உழைத்தது.

இந்த முறை
கோலா கெட்டில் பழைய கூட்டுறவுக் கடையின் பின்னறையில்
ஏர்கோன் பழுதுபார்க்கும் வகுப்பு என்றதும்
செம்பனை ஆலையில் எடைமேடை பார்க்கும் தமயந்தி
கடைசி நாற்காலியிலிருந்து கேட்டாள்:
"உங்க காசு நின்ன மாசம்
கரண்ட் பில் யார் பேர்ல வரும்?"
டை கட்டியவர்கள்
கறிபாப் மென்றுகொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கே ஒரு மைலோ டின்.
பணம் கொட்டிய காலத்திலேயே
மாதம் ஆளுக்கு ஐந்து வெள்ளி.
எதற்கு என்று முகம் சுளித்தவர்களில்
நானும் ஒருத்தி.

வகுப்பு இரவு எட்டரைக்கு;
லோரி இறக்கிவிட்டு
குளித்துச் சாப்பிட்டு வர அவ்வளவாகும்.
ஜப்பான் கருவி வேண்டாம் என்றோம்.
ஆ லெங் கடை கெப்பாசிட்டர் போதும்,
கடனுக்கும் கொடுப்பார்.

இரண்டாம் வருடம்
பயிற்றுநருக்கு ஈப்போவில் நல்ல வேலை கிடைத்தது.
அந்த வியாழக்கிழமையும் வகுப்பு நடந்தது.
பரீட்சையில் இரண்டு தரம் தோற்ற குணாளன்
கருகிய போர்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி
"நான் எரிச்சது இந்த இடத்துலதான்" என்று
அங்கிருந்தே பாடத்தை ஆரம்பித்தான்.

சான்றிதழ் வாங்கிய நாற்பத்தொருவரில்
பதினெட்டுப் பேர் எங்கே என்று
எனக்குத் தெரியாது.
இருவர் பினாங்கில் டாக்சி ஓட்டுகிறார்கள்.
ஒருவன் சிறையில்.
இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

போன நவம்பர் காற்றில்
உங்கள் பெயர்ப்பலகை விழுந்தது.
மன்னிக்கவும், அதைத் திரும்ப மாட்டவில்லை.
நல்ல கனத்த தகரம்.
பின்னறைக் கூரை ஒழுகிய இடத்தில்
எழுத்து கீழே பார்க்க அடித்திருக்கிறோம்.
கம்ப்ரெசரைக் கழற்றிவிட்டு
முதுகு வலிக்க அண்ணாந்தால்
உங்கள் பெயர் தெரியும்.
கீழே ஒரு சொட்டு இல்லை.

ஆறு வரி போதவில்லை.
போன மாதத்து பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.
தமயந்தி பேரில்தான் வருகிறது.
கட்டியாயிற்று.