முந்தைய ரீடிங்

கோட்டையூரில் ஒரு வேம்படியில் வைத்து
அது என் கெண்டைக்காலைக் கவ்வியது.
காரைக்குடி பெரியாஸ்பத்திரியில் நாலு தவணை ஊசி.
ஆறிவிட்டது என்றார்கள். சரிதான்.
ஆனால் அதற்கப்புறம்
பள்ளத்தூரின் எல்லா நிலைக்கதவுக்குப் பின்னாலும்
ஒரு நாய் படுத்திருந்தது.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவள் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வீடு வீடாகப் போய் எண்ணைப் பார்த்து
வெள்ளை அட்டையில் எழுதவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

எட்டாம் நம்பர் வாசலில் ஒருநாள்
உள்ளே சங்கிலி இழுபடுகிற சத்தம்.
எழுதினேன்: கதவு பூட்டு.

யார் சந்தேகப்படுவார்கள்?
பாதி வீடு பூட்டிக் கிடக்கிற ஊர்.
ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடுகள்;
சாவி சென்னையில், சிங்கப்பூரில், கோர்ட்டில்.
என் பொய்க்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.
அந்த முறை பதினொரு பூட்டு.
அடுத்த முறை இருபத்தாறு.
ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு நிமிஷம் நிம்மதி,
பிறகு அடுத்த வாசல்
ஒரு படி கூடுதலாய் உயர்ந்திருக்கும்.

சிந்தாமணி பிரிவு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.
அட்டையை மேஜையில் போட்டாள்.
“வைகாசியில கல்யாணத் தையல்,
ராவும் பகலும் மிஷின் ஓடுச்சு.
அதே கணக்க ஆடிக்கும் போட்டிருக்கே.
நான் உக்காந்து காஜா எடுத்துக்கிட்டிருந்தேன்.
நீ வந்தே, நின்னே, போனே.
எந்தக் கதவும்மா பூட்டியிருந்துச்சு?”

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். மெமோ வாங்கினேன்.

அன்று ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நடுவே ஒரு கோடு போட்டேன்.
வேலையில் சேர்ந்த அன்று சொன்ன ஒரே விதி:
மீட்டரில் தெரிவதை எழுது,
எவ்வளவு ஓடியிருக்கும் என்று நினைப்பதை எழுதாதே.
நாய் விஷயத்தில் இத்தனை நாளும்
நினைத்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

எட்டு. நினைத்தது: கடிக்கும்.
பார்த்தது: ஊஞ்சல்.
பன்னிரண்டு. நினைத்தது: கடிக்கும்.
பார்த்தது: கோலப்பொடி டப்பா, ஒரு பூனை,
போனில் யாரையோ திட்டும் மருமகள்.
பத்தொன்பது. நினைத்தது: கடிக்கும்.
பார்த்தது: நாய்.

பத்தொன்பதில் முதல்நாள்
கொண்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.
அதையும் எழுதினேன்: கொண்டி, சூடு.
இரண்டாம் நாள் காவல்காரரிடம் பேர் கேட்டேன்.
ரங்கூன் என்றார்.
அவர் பேரையும் கேட்டிருக்கலாம்.
மூன்றாம் நாள் உள்ளே போனேன்.
ரங்கூன் எழுந்தது. குரைத்தது. வந்தது.
எல்லாம் நான் நினைத்த மாதிரியேதான்,
கடைசி வரியைத் தவிர.
செருப்பை மோந்தது, ஒரு தும்மல்,
வெயில் விழுகிற முற்றத்துக்குப் போய்விட்டது.
என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.
அந்தக் காலோடு ஸ்டூலில் ஏறினேன்.
4, 0, 7, 1, 6.
எண்கள் அசையாமல் இருந்தன.

கணக்கு இன்னும் பூஜ்யம் ஆகவில்லை.
ஆகாது போலிருக்கிறது.
முதல் நூறு யூனிட் எல்லோருக்கும் இலவசம் அல்லவா,
பயத்துக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன்.
அதற்கு மேல் ஓடினால்தான்
கைக்காசு போகும்.

மூன்று வீடு பாக்கி.
அதில் ஒன்றில் இரண்டு நாய்.
இரண்டுக்கும் பேர் தெரியும்.

கோட்டையூர் வேம்படிக்கு இன்னும் நடந்து போகவில்லை.
நேற்று பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது
எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன்.
பக்கத்துச் சீட்டுக்காரர் முறைத்தார்.
நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பார்த்தது: வேம்பு.
சாய்த்து வைத்த சைக்கிள்.
மழை வருமா என்று
அண்ணாந்து பார்க்கும் ஒரு ஆள்.