ஆ சூன் கடை, இரண்டாம் தட்டு

பீடோங் கிளினிக்கில் டாக்டரம்மா
மலாயில்தான் சொன்னார், பொறுமையாக:
மாத்திரை இனிப் போதாது. ஊசி.
தலையாட்டினேன்.
என் பச்சைப் புத்தகத்தைப் புரட்டி
அவரும் தலையாட்டினார்.
எல்லாம் ஆறு, ஆறரை.
ஒரே பேனா, ஒரே மை, ஒரே ராத்திரி எழுதியது.

ஊசி என்ன செய்யும் என்று
எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.
சன்னாசி அண்ணன் பங்குனியில் போட்டுக்கொண்டார்;
சித்திரையில் கட்டைவிரல், ஆடியில் முழங்கால்.
அந்த விரல் அதற்கு முன்பே
பூட்ஸுக்குள் ஆறு மாதம் கறுத்துக் கிடந்ததை
யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும்தான்.

"ஊசி காலக் கேக்கும்டி" என்றாள் இருசாயி அக்கா,
செம்பனை உதிரி பொறுக்கிக்கொண்டே.
"பாவக்கா அரச்சுக் குடி. கசப்பு இனிப்பத் தின்னுரும்."
குடித்தேன். மதியச் சோற்றில்
இரண்டு கரண்டி கூட்டியும் கொண்டேன்,
கசப்பு பார்த்துக்கொள்ளும் என்று.

ஐந்தரைக்குப் பெரட்டு.
பசியாறப் பத்து மணியாகும்,
குலைகளுக்கு நடுவில், கெட்டிப்பால் தேத்தண்ணியோடு.
இதைச் சொல்லுமளவு எனக்கு மலாய் வரும்.
டாக்டரம்மா கேட்கவில்லை.
வெளியே இன்னும் நாற்பது நம்பர்.

வீட்டில் ஐஸ்பெட்டி இருக்கிறது.
ஆனால் மகளுக்குப் பேச்சு நடக்கிறது.
சுங்கை பட்டாணியிலிருந்து வருகிறவர்கள்
தண்ணீர் கேட்பார்கள்,
கூடவே வந்து கதவைத் திறப்பார்கள்.
"இனிப்புநீர் பரம்பரையா?"
அந்த ஒரு கேள்வி போதும்.

ஆகவே ஆ சூன் கடை.
ஐஸ்பெட்டியில் இரண்டாம் தட்டு,
மைலோவும் ஆரஞ்சு சோடாவும் காவல் நிற்க
பிஸ்கட் டின்னுக்குள் என் ஊசி.
வாடகை எவ்வளவு என்றேன்.
அவன் பனியனைத் தூக்கி
வயிற்றில் நாலைந்து புள்ளிகளைக் காட்டினான்.

நேற்று தூக்கக் கலக்கத்தில்
வேறு டின்னை எடுத்து நீட்டிவிட்டான்.
உள்ளே ஊசி. மடித்த பச்சைப் புத்தகம்.
ரூமி எழுத்தில் பெயர்;
எழுத்துக் கூட்டிப் படித்தேன்: இருசாயி.
ஒன்றரை வருஷத்து எண்கள்.
பதினாலு, ஒன்பது, பதினொன்று,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு மையில்.

மூடித் திருப்பிக் கொடுத்தேன்.
ஆ சூன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்று விடியுமுன்
நான் நுழையும்போது அவள் வெளியே வருகிறாள்.
"மைலோ வாங்க வந்தேன்" என்றாள்
வெறுங்கையோடு.
"நானுந்தான்க்கா."
தெருவிளக்கடியில்
அவள் காலை நானும்
என் காலை அவளும் பார்த்துக்கொண்டோம்.
நாலும் இருந்தன.