லைன் கிளியர்

"எப்படி விழுந்தீங்க?"
கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு.
பேனா மூடியைக் கடித்தபடி பயிற்சி டாக்டர்.
படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கோடுதான் இடம்.
"வழுக்கி" என்றேன்.
எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வழுக்கவில்லை அம்மா.
அன்று தரை காய்ந்துதான் கிடந்தது.

காவேரிப்பட்டணம் செக்‌ஷனில்
முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறியவன்.
மாந்தோப்புக்கு மேலே, ஆடிக் காற்றில்,
பெல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு
இரண்டு கையையும் விட்டு வேலை செய்தவன்.
கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவே
ஒன்பதே எட்டில் விழுந்தேன்.

அந்த ஒரு கோட்டில் எதை எழுதுவாய்?
பிரஷர் மாத்திரையை மாற்றிய வாரம் அது.
ராத்திரியில் மூன்று தரம் எழுப்புகிற மூத்திரம்.
தூக்கம் வரவில்லையென்று
திம்மக்காவின் டப்பாவில் நான் திருடிப் போட்ட
பாதி வெள்ளை மாத்திரை.
சர்க்கரை வந்தபின்
தரையில் இருக்கிறதா இல்லையா என்று
எனக்கே சொல்லாத பாதம்.
அப்புறம் அந்தப் பல்பு.
பன்னிரண்டு நாளாக எரியவில்லை.
ஸ்டூல் மேல் ஏற பயம்.
லைன்மேன் வீட்டுப் பல்பை மாட்ட
மகனைக் கூப்பிட வெட்கம்.
இரண்டுக்கும் நடுவில்தான்
அவ்வளவு இருட்டு.

பொங்கலுக்கு முன்பே ஒருதரம் விழுந்திருந்தேன்.
முழங்கையில் ரத்தம். முருங்கைக் கிளை கீறிவிட்டது என்றேன்.
மாசியில் மறுபடியும்.
அதை யாரும் பார்க்கவில்லை,
ஆகவே அது நடக்கவில்லை.

இடுப்பில் இப்போது ஒரு பிளேட், மூன்று ஸ்க்ரூ.
வீடு திரும்பினால் நடையில் வெளிச்சம்.
திம்மக்காதான் மாட்டினாளாம், ஸ்டூல் மேல் ஏறி.
அறுபத்தெட்டு வயதில்.
கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது.

"எழுந்த உடனே நடக்காதீங்க.
கட்டில்ல உட்காருங்க, இருபது எண்ணுங்க"
என்று அனுப்பியிருக்கிறார் பிசியோதெரபி பையன்.
எனக்கா தெரியாது?
கம்பியைத் தொடுமுன் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு
லைன் கிளியர் வாங்குவோம்.
வாங்கிய பிறகும் உடனே தொடமாட்டோம்.
எர்த் ராடைக் கொக்கியில் மாட்டி
ஒரு நிமிஷம் கம்பியையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

மணி மூன்று பத்து.
கட்டில் ஓரத்தில் கால் இரண்டும் தொங்குகின்றன.
பன்னிரண்டு, பதின்மூன்று.
தலை இன்னும் கிர்ரென்கிறது.
அந்தப் பக்கம் யாரும் போனை எடுக்கவில்லை.

"புடிக்கட்டுமா?" போர்வைக்குள்ளிருந்து திம்மக்கா.

"இரு. இன்னும் எல்.சி. வரல."