நீள்வட்டத்துக்குள் ஒரு புள்ளி

அரூஸ்டுக்கிலிருந்து நான்கு மணி நேரம்
வாக்குப் பெட்டிகளுக்குப் பின்னாலேயே வந்தோம்,
ஷெரீஃபின் வண்டியைப் பனியில் தவறவிடாமல்.

தலைநகரில், அறை எண் நூற்றுப் பதினொன்று.
ஹீட்டர் இருமுகிறது.
யாரோ வாங்கிவைத்த மேப்பிள் டோனட்டுகளை
ஒருவரும் தொடவில்லை.
விரல் பிசுபிசுத்தால் சீட்டைத் தொட விடமாட்டார்கள்.

மூன்று முறை வென்ற பெர்னெட் தெரியோ
நான்கு வாக்கில் முன்னே நிற்கிறார்.
நான் அவர் பக்கத்து ஆள்.
எதிரே லைல் ஹாஸ்கின்ஸுக்காக
அவருடைய மைத்துனன் வேட்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கை;
ஐம்பது ஐம்பதாய் அடுக்கும்போது
ஒரு மூலையும் பிசகுவதில்லை.

வாய்விட்டு எண்ணக் கூடாது.
உதடுகள் மட்டும் அசைகின்றன,
தேவாலயத்தில் பாட்டை மறந்துபோனவர்களைப் போல.

பத்தரைக்கு, நான்கு மூன்றானது.
ஒரு சீட்டில் யாரோ தன் நாயின் பெயரை எழுதியிருந்தார்.
இன்னொன்றில் இருவருக்கும் நிரப்பிவிட்டு
ஓரத்தில்: 'யார் ஜெயித்தாலும் பாலத்தைப் பாருங்கள்.'
சிரித்தோம். செல்லாதவற்றோடு வைத்தோம்.
சாப்பாட்டுக்குமுன் இரண்டு.
மூன்று மணிக்கு ஒன்று.

கடைசியாக எங்கள் ஊர்ப் பெட்டி.
அதில் அந்தச் சீட்டு.
பெர்னெட்டின் பெயருக்கு நேரே, நீள்வட்டத்துக்குள்
ஒரே ஒரு புள்ளி,
பேனா முனை தங்கி மை ஊறிய அளவு.
லைலின் வட்டமோ முழுக்கக் கறுப்பு,
விளிம்பு தாண்டாமல், அழுத்தி அழுத்தி.

அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும்.

அதற்குள் ஒரு ஜனவரி விடியல் இருந்தது.
என் கணவருக்கு மூச்சு முட்டிய அன்று
பெர்னெட் யாரையோ உலுக்கி எழுப்பி அனுப்பிய
பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி
ஆம்புலன்ஸுக்கு வழி கீறிக்கொண்டு போனது.

அதற்கு வெளியே,
பிரசவப் பிரிவின் பணத்தை வெட்ட
சபையில் அதே பெர்னெட் உயர்த்திய கை.
எழுபது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்
ஒரு பெட்ரோல் நிலையத்தின் வெளிச்சத்தில்
என் மகள் பிள்ளை பெற்றாள்.

மறைப்புக்குள் பேனாவோடு நின்றேன்.
பின்னால் வரிசை தும்மியது.

"இது எங்களுக்கு" என்றான் வேட்.
"கை கொஞ்சம் தயங்கியிருக்கு, அவ்வளவுதான்."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
ஆட்சேபிப்பது என் வேலை.
அதற்குத்தான் இந்த மஞ்சள் தாள்கள்,
அதற்குத்தான் விடியற்காலையில் பெர்னெட்
என் கோட்டுக் காலரைச் சரிசெய்து அனுப்பினார்.

சீட்டுக்குப் பெயர் கிடையாது.
என்னுடையது என்று வாய் திறந்தால்
அது சீட்டே இல்லை.

மஞ்சள் தாளில், 'காரணம்' என்ற கோட்டில்,
'வாக்காளரின் மனம் தெளிவாக இல்லை'
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
எழுதியதில் பொய்யில்லை.
வேட் என் பேனாவையே வாங்கி
மறுத்துக் கையெழுத்திட்டான்.

மாலை ஐந்துக்கு வித்தியாசம் ஒன்று.
தனி உறையில் போன அந்தச் சீட்டைச் சேர்த்தால்
ஒன்றுமில்லை.
இனி சபைதான் சொல்ல வேண்டுமாம்.

திரும்பும் வழியில் பெர்னெட் அழைத்தார்.
"நீ விட்டுக்கொடுக்கலைன்னு சொன்னாங்க.
மூஸ் குறுக்கே வரும், மெதுவா ஓட்டு."

மெதுவாகத்தான் ஓட்டினேன்.