பதினோரு கிலோ

முந்தின ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்
நாளைக்கு எத்தனை கிலோ என்று.
பந்தலுக்குள் டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன்.
எட்டு என்று சொல்லத்தான் தைரியம் வந்தது.

விடிந்தபோது பதினொன்று.
புடலை அப்படித்தான்,
யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சாண் இறங்கிவிடும்.

ஐந்தரைக்கு எருத்தேம்பதி பிரிவில், பால் சொசைட்டிக்கு எதிரே
வந்து நிற்கிறது வண்டி.
முன்பு பள்ளிக்கூட வேன்.
சீட்டைக் கழற்றிய ஓட்டைகள் வழியே
கீரைத் தண்ணீர் ரோட்டில் சொட்டுகிறது.
ஓட்டுவது ஷெரீபா.
நோட்டும் தராசும் லதிகா.

சாக்கு வேண்டாம், டிரேயில் கொண்டு வா.
எடைக்காகக் கீரையை நனைக்காதே.
மருந்தடித்த வாரம் இந்தப் பக்கம் வராதே.
அவ்வளவுதான் விதி என்று நினைத்திருந்தேன்.

நான் அரசாணிக்காய் என்பேன்,
லதிகா மத்தன் என்று எழுதுவாள்,
தராசு இரண்டு பேரையும் திருத்துவதில்லை.

மண்டியில் என்றால்
வளைந்த புடலை தூக்கிப் போட்ட இடத்திலேயே கிடக்கும்.
மாடு வந்தால் மாட்டுக்கு.
அதற்குப் பயந்துதான் பிஞ்சு நுனியில் கல் கட்டுகிறோம்.
ஷெரீபா வளைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்து
"இது என்ன, வேகாதா?" என்றாள் முதல் நாள்.
அதே விலை. கிலோ இருபத்தைந்து.

இன்றைக்கு லதிகா எட்டோடு பேனாவை மூடிவிட்டாள்.
"சொன்னது எட்டு."
மூன்று கிலோதானே என்றேன்.
"தத்தமங்கலத்தில் எட்டுக்குத்தான் ஆள்.
திரும்பி வந்தால் நட்டத்தில் பாதி உனக்கு, பாதி வண்டிக்கு.
வண்டிக்குத் தோட்டம் இல்லை, மயிலாத்தா."

எனக்குப் பின்னால் ராக்கியப்பன்.
வாய்க்கால் முறையில் அரை மணி நேரத்துக்காக
என்னோடு பேச்சை விட்டு இரண்டு வருசம் ஆகிறது.
பத்து சொல்லியிருக்கிறான்.
டிரேயில் ஏழு.
"மயில் கொத்திருச்சு" என்றான்,
தராசைப் பார்த்து.

லதிகா என் டிரேயைப் பார்த்தாள்.
அவன் டிரேயைப் பார்த்தாள்.
யார் முதலில் வாயைத் திறப்பது?
பால்காரன் கேன் உருட்டும் சத்தம் மட்டும்.

ஸ்டியரிங் பக்கமிருந்து ஷெரீபா,
திரும்பிக்கூடப் பார்க்காமல்:
"மயிலு எடுத்ததை மயிலாத்தா குடுக்கட்டும்.
சீக்கிரம், எனக்கு நல்லேபிள்ளியில ஆறு மணிக்கு ஆளு நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை.
நான் மூன்று கிலோவை எடுத்து அவன் டிரேயில் வைத்தேன்.
நான்கு காய்கள், ஒன்று நன்றாக வளைந்தது.
அவன் டிரேயைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான்,
உருளாமல் இருக்க.
அவ்வளவுதான் நடந்தது.
கதவு சாத்தி வண்டி போய்விட்டது.

சனிக்கிழமை கவர் வந்தது. எட்டுக்கு மட்டும்.
லதிகாவிடம் கேட்கலாம் என்று கிளம்பி
கேட்காமல் திரும்பினேன்.
அவன் பெயருக்கு நேரே பத்து என்று இருந்தால்
நோட்டு பொய் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை
என் வேலிக் கல்தூணின் தலையில்
எழுபத்தைந்து ரூபாய், நான்காக மடித்து.
பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.
கல்லில் நூல் இன்னும் அவிழாமல் இருந்தது,
அவன் பந்தலில் இருந்து அறுத்த நூல்.

காசை எடுத்துக்கொண்டேன்.
கல்லையும்.
தெற்கு மூலையில் ஒன்று வளைய ஆரம்பித்திருக்கிறது.
வளைந்ததையும் எடுத்துக்கொள்கிறார்கள்தான்,
கை கேட்கவில்லை.