அளந்து போடுவது

வால்டிவியாவில் மழை
கூட்டத்துக்கு வராத நாளில்லை.
ஐந்து நாற்காலி எங்களுக்கு, ஒன்று ஆய்வாளருக்கு,
குடைகளுக்குச் சன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் வாளி.

ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
அதற்கு மேலே என் பெயர், எடெல்மிரா ஒயார்சோ,
ஓர் எழுத்து விட்டுப்போய்.
முப்பது வருடம் குளிர்பதனக் கிடங்கு நடத்தியவள்.
விஞ்ஞானம் தெரியாது.
யார் வாங்குவார், என்ன விலைக்கு,
வாங்கியவர் மறுபடி வருவாரா,
இந்த மூன்றைக் கேட்கத்தான்
பேருந்துக் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்.

விதைநிதி எங்கள் பணமல்ல.
ரொட்டி வாங்கும்போது ஊரே
வரியென்று தெரியாமல் விட்டுவந்த சில்லறை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
அந்த ஆறு இங்கே
சன்னலுக்குக் கீழேயே ஓடுகிறது.

காலையில் இரண்டு பேரை அனுப்பிவிட்டோம்.
சிப்பி ஓட்டிலிருந்து சிமெண்ட் செய்தவர்
சிமெண்ட் விலையைக் கேட்டதும் தண்ணீர் குடித்தார்.
அடுத்தவரின் கருவி அற்புதம்தான்.
உலகத்தில் அது தேவைப்படுவோர் நான்கு பேர்,
நால்வரும் அவருடைய நண்பர்கள்.
இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
போகும்போது வாளியிலிருந்து
என் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு மினர்வா வைக்கிமில்.
தென்கோடித் தீவொன்றின் கல்பாசியில்
பதினோரு வருடம் தேடி
ஒரு புரதம் எடுத்திருக்கிறாள்.
பூவின் மேல் தெளித்தால்
மைனஸ் மூன்றிலும் தண்ணீர்
கட்டியாக மறந்துவிடுகிறது.
நாற்பத்திரண்டு செர்ரி மரம். மூன்று இரவு.
நான்காம் இரவு ஏன் இல்லை என்றார் இட்டுரியேட்டா,
அரைப்புள்ளியையும் சந்தேகிக்கும் காப்புரிமை வக்கீல்.
"புரதம் தீர்ந்துபோய்விட்டது" என்றாள்.
ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஆகும்?
அவள் சொன்ன தொகைக்கு ஒரு கார் வாங்கலாம்,
பழைய கார்.
"அதைக் குறைக்கத்தான் வந்திருக்கிறேன்."

என் முறை.
செர்ரி என்றால் நான் என்று எல்லாருக்கும் தெரியும்.
மூன்று கேள்வியும் நாக்கு நுனியில்.

போன செப்டம்பர், சுதந்திர தினத்து இரவு,
நாடே கொடி ஏற்றி ஆடிக்கொண்டிருக்கையில்
ரெனைக்கோவில் பன்னிரண்டு ஹெக்டேரில் பனி இறங்கியது.
ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்துக் காற்றைக் கலக்கினோம்.
விடிந்ததும் பூக்களைக் கிள்ளிப் பார்த்தோம்.
ஒவ்வொன்றின் நடுவிலும்
கடுகளவு கறுப்பு.
தோட்டம் தங்கை கணவன் பெயரில்.
கடன் பத்திரத்தில் கையெழுத்து என்னுடையது.

யார் வாங்குவார்? நான்.
என்ன விலைக்கு? சொன்ன விலைக்கு.
மறுபடி வருவேனா?
வாசலிலேயே படுத்துக் கிடப்பேன்.

எழுந்து நின்றேன்.
"இதில் எனக்குச் சொந்த லாபம் இருக்கிறது."
தலைவர் ஃபுவென்சாலிதா நேரத்தைக் குறித்தார்:
பதினொன்று நாற்பது.
விதிப்படி நான் வெளியே.
விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.
அப்போது இந்தக் கதவு இவ்வளவு கனமில்லை.

நடைபாதையில் காப்பி இயந்திரம்
காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
கீழே மீன்சந்தைப் படித்துறையில்
தலைக்கும் வாலுக்கும் காத்துக் கிடந்த கடற்சிங்கங்கள்
ஏலக்காரர்களைப் போலக் கத்தின.
உள்ளே குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை.
என் மூன்று கேள்வியை இப்போது யார் கேட்பார்?
கேட்காமல் கொடுத்தாலும் தப்பு,
கேட்டால் பதில் தெரிந்தவள்
இங்கே நிற்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவளையும் வெளியே அனுப்பினார்கள்.
பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.
விரல்நுனியெல்லாம் குளிரில் வெடித்திருந்தது.
எங்களுக்குள் பேச்சு கூடாது,
அது அவளுக்குத் தெரியாது.

"என் வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லையா?"

சன்னலைப் பார்த்தேன்.
"மழை இன்றைக்கு விடாது போலிருக்கிறது" என்றேன்,
கூட்டக் குறிப்பில் எழுதினாலும் குற்றமாகாத
ஒரே வாக்கியம்.