இடமில்லை

லியெபாயா. இரவு ஷிப்டுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது.
கிளிப் உடைந்து ரப்பர் வளையம் போட்ட
பழைய பிளேயரைச் செருகுகிறாள் ட்ஸிந்த்ரா.
லினக்ஸ் உடனே கண்டுகொள்கிறது.
பாட்டை இழுத்துப் போட்டால்
இடமில்லை என்கிறது.

எப்படி?
ரைவிஸ் ஏற்றியதையெல்லாம்
மார்ச்சிலேயே அழித்தாயிற்றே.

மறைந்தவற்றைக் காட்டச் சொன்னாள்.
பெயருக்கு முன் புள்ளி வைத்த குப்பைத்தொட்டி,
பிளேயருக்குள்ளேயே.
நூற்றுப் பதினொரு பாட்டு.
புள்ளி வைத்தால் உயிர்தான் போகும்,
மெய் அங்கேயே கிடக்கும்.
இத்தனை நாளும் சட்டைப்பையில் இவற்றோடுதான்
கப்பலடியில் வெல்டிங் வைத்திருக்கிறாள்.

காலி செய்தாள்.
புதியவை ஏறின.
முடிந்தது என்றது திரை.
பிளேயரின் விளக்கு மட்டும்
இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

திரை சொல்வதை ஒருமுறை நம்பியவள்.
கேபிளைத் தொடாமல் நிற்கிறாள்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.